ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் அறை

வெளியூரிலிருந்து சென்னைப் பட்டணத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர், இறங்கிய இடத்தைச் சுற்றியே தங்குமிடம் தேடுவதை நெடுங்காலமாக ஒரு சம்பிரதாயமாகவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழும்பூரில் இறங்கினால் கென்னட் சந்து, சென்ட்ரலில் இறங்கினால் வால்டாக்ஸ் சாலை அல்லது பெரியமேடு, கோயம்பேட்டில் பேருந்தைவிட்டு இறங்கினால் அரும்பாக்கம் என்று அவர்கள் கால்கள் தாமாகவே திரும்புகின்றன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அதிகம் அலைய வேண்டியதில்லை என்ற ஒரு சௌகரியம் இதில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊருக்குள் வந்து இறங்குவது ஒரு தடவை, ஊரைவிட்டுப் புறப்படுவது ஒரு தடவை. இடையிலுள்ள நாட்களில் காலையும் மாலையும் நாம் போய்வர வேண்டிய இடங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றுக்குக் குறைந்த செலவில் கொண்டுபோய்விடும் ரயிலும் பேருந்தும் எந்தத் தெருமுனையில் கிடைக்கின்றன என்பதை முன்னிட்டு அறையைத் தேர்ந்துகொள்கிறவர்கள் மிகச் சிலரே. அவ்விதம் தேர்ந்துகொண்டு, வட சென்னையில் ராயபுரத்தை அடுத்த கல்மண்டபத்தில் நானும் என் தமக்கையாரும் தங்கியிருந்த அனுபவத்தை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வெகு நாளாக ஓர் ஆசை. பௌர்ணமியன்று காலையில் மேலூர்த் திருவுடை அம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூர் வடிவுடை அம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடை அம்மன் ஆகிய மூவரையும் ஒரே நாளில் தரிசிக்க வேண்டும் என்பது. எனக்கோ ராயபுரம் ரயில் நிலையத்தையும், காசிமேட்டுத் துறைமுகத்தையும், எண்ணூர் வரையிலுள்ள தொழிற்பகுதியையும் ஆற அமரப் பார்க்க வேண்டும். எங்கள் இருவர் காரியமும் பெரும்பாலும் வடக்கே இருக்க, தங்குவதற்கு மாத்திரம் தெற்கே தியாகராய நகரையோ மேற்கே வடபழனியையோ நாடுவதில் அர்த்தமில்லை என்று எனக்குத் தோன்றிற்று. உறவினர் சிலர், “வடக்கே தங்க என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் அறியாமையோடு, வட சென்னையைப் பற்றி நகரத்தின் மற்றப் பகுதியார் கொண்டிருக்கும் பழைய அசட்டையும் கலந்திருந்தது எனக்கு வருத்தத்தையே தந்தது.

ஏனென்றால் தென்னிந்தியாவில் ரயில் பிரயாணம் என்ற ஒன்று தொடங்கியதே இந்த ராயபுரத்தில்தான். 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி, மதராஸ் ரயில்வே கம்பெனியார் இங்கிருந்து வாலாஜா ரோடு வரை, ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தூரத்துக்கு, பொதுஜனங்களுக்கான வண்டியை ஓட்டினார்கள். அதற்கு மூன்று வருஷம் முந்தி, 1853இல் பம்பாய்க்கும் தானாவுக்கும் இடையே ஓடிய முதல் வண்டி கண்ட ஆதி நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்துக் கட்டடமோ நிமிர்ந்த தூண்களுடனும் செந்நிறச் சுவர்களுடனும் இன்றும் நிற்கிறது. 2005இல் அதைப் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். 1873இல் சென்ட்ரல் நிலையம் எழும்பும்வரை மேற்கேயிருந்து பட்டணத்துக்கு ரயிலேறி வந்த வழக்குக்காரரும் வியாபாரியும் மாணவரும் இறங்கிய வாசல் இதுவே.

ரயிலடி நகர்ந்தால் தங்குமிடமும் அதன் பின்னே நகர்ந்துபோவது இந்த ஊரின் சரித்திரம் முழுவதிலும் காணக்கூடிய ஒரு நியதி. சென்ட்ரல் வந்தது, அதன் எதிரே சவளை ராமசாமி முதலியார் என்ற பிரபு, ரயிலில் வருகிற பிரயாணிகள் தங்கிப் போவதற்கென்று பெரியதொரு சத்திரத்தைக் கட்டிவைத்தார். இதே பிரபுவின் தர்மத்தில் உண்டானதுதான், ராயபுரத்துக்குப் பக்கத்தில் இன்றும் ஆயிரக்கணக்கான ஏழைத் தாய்மார்களுக்குப் பிரசவம் பார்க்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனை. 1908இல் எழும்பூர் நிலையம் திறக்கப்பட்டது. தெற்கத்தி ஜனங்களுக்காக அதன் எதிர்ச் சந்துகளில் விடுதிகள் முளைத்தன. வெளியூர்ப் பேருந்துகள் பிராட்வேயிலிருந்து புறப்பட்ட காலத்தில் மண்ணடியிலும் சௌகார்பேட்டையிலும் லாட்ஜுகள் செழித்தன. 2002இல் பேருந்து நிலையம் கோயம்பேட்டுக்குப் போனபோது அறைகளும் அங்கே போயின. இப்போது தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. அங்கே இறங்குகிறவர்கள் அதைச் சுற்றியே அறையெடுத்தால் பட்டணத்தின் எல்லைக்கு வெளியே தங்கினவர்களாவார்கள் என்பதால், இறங்கிய இடத்திலே தங்குவது என்ற பழைய சம்பிரதாயத்துக்கு இனி ஆதாரமே இல்லாமல் போய்விட்டது.

இதற்கு நேர் எதிராக, மெட்ரோ ரயில் வட சென்னையைத் தன்னோடு சேர்த்துக்கொண்டதனால் ஒரு புதிய சௌகரியம் பிறந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை வரைக்கும் வந்த நீல வழித்தடம், 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் தேதி, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை, திருவொற்றியூர் என்று நிலையம் நிலையமாக நீண்டு விம்கோ நகர்வரை சென்றது. விமான நிலையத்தில் ஏறி உட்கார்ந்தவர் வண்டி மாறாமல், சென்ட்ரலையும் உயர்நீதிமன்றத்தையும் மண்ணடியையும் கடந்து இந்தப் பகுதிக்கு வந்து இறங்கலாம். கல்மண்டபத்திலிருந்து மேற்கே நடந்தால் மெட்ரோ, தெற்கே நடந்தால் ராயபுரம் நிலையம். கடற்கரை நிலையத்துக்கும் ஆவடிக்கும், கும்மிடிப்பூண்டிக்கும் போகும் புறநகர் வண்டிகள் அங்கே நிற்கின்றன. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய். பாரிமுனைக்கும் திருவொற்றியூருக்கும் போகிற மாநகரப் பேருந்துகளோ கல்மண்டபத்து நிறுத்தத்திலேயே கிடைக்கின்றன. அவற்றில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அக்கா கைப்பையைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆக, ஒரே இடத்தில் மூன்று வகைப் பொதுவாகனங்கள். இதைவிட நல்ல இருப்பிடம் பட்டணத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அறை தேடிப் போனபோது நான் அனுசரித்த முறையைச் சொல்கிறேன். முதலில் பெட்டியில்லாமல், நிறுத்தத்திலிருந்து லாட்ஜ் வாசல்வரை நானே நடந்து பார்த்தேன். “ஸ்டேஷனுக்குப் பக்கம்” என்று விளம்பரப் பலகையில் எழுதுவது சுலபம். அந்தப் பக்கம் என்பது மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போகிற பக்கமா, தண்டவாளத்தைத் தாண்டுகிற பக்கமா, நடைபாதை இல்லாமல் கண்டெய்னர் லாரிகளோடு ஒட்டிக்கொண்டு போகிற பக்கமா என்பது கால்களுக்குத்தான் தெரியும். இரண்டாவதாக, இருட்டிய பிறகு அதே வழியை மறுபடியும் நடந்தேன். தெருவிளக்கு எரிகிறதா, கடைகள் எந்நேரம்வரை திறந்திருக்கின்றன, மூட்டு வலியுள்ள ஒரு மூத்த பெண்மணி அச்சமின்றி வரலாமா என்பதையெல்லாம் பகலில் தீர்மானிக்க முடியாது. ராயபுரத்துத் தெருக்களில் இரவு பத்து மணிக்கும் இட்லிக் கடையில் ஆவி பறக்கிறது. திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஜன நடமாட்டம்தான் முதல் பாதுகாப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நான்கு மாடியுள்ள ஒரு சிறிய லாட்ஜில் விசாரித்தோம். மேஜைமேல் தடித்த ரிஜிஸ்டர். சுவரில் வரிசையாக ஆணியில் தொங்கும் சாவிகள், ஒவ்வொன்றிலும் எண் வெட்டிய பித்தளை வில்லை. மூலையில் சுவாமி படத்துக்குப் பக்கத்தில் மாதா படம். மானேஜர் நடுவயதுக்காரர். வாடகையைச் சொன்ன மூச்சிலேயே, “இருபத்திநாலு மணி நேரக் கணக்கு சார். இப்ப சாவி வாங்கினீங்கன்னா நாளைக்கு இதே நேரம் வரைக்கும் உங்க ரூம்தான்,” என்றார். இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு மதிப்புள்ளது என்பது, விடியற்காலை ரயிலில் வந்து இறங்கி, நண்பகலிலிருந்து நண்பகல்வரை கணக்குவைக்கும் விடுதிகளில் இரண்டு நாள் வாடகை கொடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

முன்பக்கத்து அறை, பின்பக்கத்து அறை இரண்டையும் திறந்து காட்டினார். முன்னது விசாலமானது, காற்றோட்டமுள்ளது. அக்காவுக்கு அதுவே பிடித்திருந்தது. மானேஜர் தயங்கித் தயங்கி, “காத்து நல்லா வரும்மா. ஆனா ராத்திரியில லாரி சத்தம் இருக்கும். ஹார்பருக்குப் போற வண்டி விடிய விடிய போகும். தூக்கம் வேணும்னா பின்பக்கமே எடுத்துக்கோங்க,” என்றார். வாடகை குறைவான அறையைத் தாமே சிபாரிசு செய்த அந்த மனிதரின் நேர்மையை நான் இங்கே பதிவுசெய்ய விரும்புகிறேன். துறைமுக வாயிலுக்காகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்பது வட சென்னையின் தீராத வியாதி; இங்கே அறையெடுப்பவர்கள் ஜன்னல் எந்தத் திக்கைப் பார்க்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, வாளியில் விழும் நீரைப் பார்த்தேன். சில நிமிஷம் விட்டுப் பார்த்தால்தான் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்பதும், அது உப்புத் தண்ணீரா என்பதும் தெரியவரும். கடலோரமாதலால் சோப்பு நுரைக்காத நீர் இங்கே புதிதல்ல. தலையணை உறையை முகர்ந்து பார்ப்பது, கதவின் உட்தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு இழுத்துப் பார்ப்பது, மெத்தையின் ஓரத்தையும் கட்டில் சந்துகளையும் விரலால் விலக்கிப் பார்ப்பது ஆகியவற்றுக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. குறைந்த வாடகைக்கு அழகை எதிர்பார்ப்பது நியாயமல்ல. சுத்தத்தை எதிர்பார்ப்பது முற்றிலும் நியாயம்.

வாடகையோடு வரியும் உண்டா என்று கேட்டுக்கொள்வது அவசியம். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு முன்பு ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தது, 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கை நீக்கி 12 சதவீதம் விதித்தார்கள், 2025 செப்டம்பரில் அதை 5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஏழைப் பிரயாணிக்கு இந்த வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாடு. இன்னொரு கணக்கும் உண்டு. தூரத்தில் ஓர் அறை இருநூறு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதென்று போனால், காலையில் ஆட்டோவுக்கு நூற்றைம்பது, இரவு திரும்புவதற்கு நூற்றைம்பது என்று மிச்சம் பிடித்ததற்கு மேலேயே கொடுத்துவிடுவோம். அதற்கும் மேலாக, மத்தியானம் திரும்பிவந்து அரைமணி நேரம் காலை நீட்டிப் படுக்கும் பாக்கியமும் போய்விடும். வயதானவர்களோடு பிரயாணம் செய்கிறவர்களுக்கு அந்த அரைமணி நேரமே பெரிய செல்வம்.

பௌர்ணமியன்று இந்த இருப்பிடத்தின் பலனை முழுமையாக அனுபவித்தோம். விடியற்காலையில் புறநகர் வண்டியில் மீஞ்சூர் போய், அங்கிருந்து ஆட்டோவில் மேலூர் சென்று திருவுடை அம்மனைத் தரிசித்தோம். திரும்பும் வண்டியில் திருவொற்றியூரில் இறங்கி வடிவுடை அம்மன் சந்நிதியில் நின்றோம். சுந்தரர் சங்கிலியாரை மணந்த தலம் அது. பட்டினத்தார் சமாதி கொண்ட கடற்கரையும் அதுவே. ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கும் அத்தலத்து இறைவன் ஆதிபுரீசுவரரைக் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டும் கவசமின்றிக் காணலாம். அந்நாட்களில் வர நினைப்பவர்கள் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மெட்ரோவில் கல்மண்டபம் திரும்பிச் சாப்பிட்டு, அக்கா கண்ணயர்ந்து எழுந்த பிறகு, ராயபுரத்தில் ஆவடி வண்டி ஏறித் திருமுல்லைவாயிலில் இறங்கினோம். மூன்று அம்மன்களும் வெவ்வேறு இடங்களில் இருந்தும், மேற்கு வழியும் வடக்கு வழியும் இந்த நிலையத்துக்கு அருகிலேயே பிரிவதனால் எங்களுக்கு அலைச்சல் என்பதே தெரியவில்லை.

மறுநாள் நான் மட்டும் வடக்கே போனேன். மெட்ரோ வண்டி தண்டையார்பேட்டை வரை பூமிக்கடியில் ஓடி, புது வண்ணாரப்பேட்டையை நெருங்கும்போது வெளிச்சத்துக்கு ஏறி வருகிறது. அதன் பிறகு கிழக்கே வீட்டு மாடிகளுக்கு மேலாகக் கடல் தெரிகிறது. நெசவாளர்களைக் குடியேற்றி கவர்னர் காலெட் உண்டாக்கிய காலடிப்பேட்டையைத் தாண்டினால், தொழிற்சாலைகளின் ராஜ்யம். தீப்பெட்டி செய்த விம்கோ, 1955இலிருந்து மோட்டார் சைக்கிள் செய்த என்ஃபீல்டு, அதற்கப்பால் எண்ணூரில் லாரிகள் செய்யும் அசோக் லேலண்டு என்று, தேசத்தின் சாலைகளில் ஓடுகிறவற்றில் எத்தனையோ இந்த மண்ணில் உருவானவை. அந்த உழைப்புக்குப் பிரதியாக இந்த மக்கள் பெற்றது புகையும் சாம்பலும், கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் அழிந்துவரும் மீன்வளமும் என்பதை எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பார்க்கிற எவருக்கும் மனம் கனக்காமல் இராது. தெற்கே தங்கியிருந்தால் இதைக் காரில் வந்து கண்ணாடி வழியே பார்த்துப் போயிருப்பேன். ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளிகளோடு ஒரே இருக்கையில் உட்கார்ந்து திரும்பியதால் அவர்கள் வாயாலேயே அதைக் கேட்க முடிந்தது.

இன்னொரு விடியலில் காசிமேட்டுக்கு நடந்தே போய்விட்டேன். இருள் பிரியுமுன்னே அங்கே ஏலம் நடக்கிறது. வஞ்சிரமும் சங்கராவும் கூடை கூடையாகத் தரையில் கொட்டப்படுகின்றன. ஏலம் கூறுகிற பெண்மணியின் குரலுக்குமேல் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தின் இரைச்சல். முதல் பேருந்துக்காகக் காத்திருந்தால் இதில் பாதியைக்கூடப் பார்க்க முடியாது. மாலையில் கடற்கரை நிலையத்தெதிரே பர்மாவிலிருந்து திரும்பிவந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவைச் சாப்பிட்டுவிட்டு ரயிலேறினால் அடுத்த நிலையம் ராயபுரம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ இரவு பதினொரு மணியோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு திரும்புகிறவர்கள் ஆட்டோவைத்தான் நம்ப வேண்டும். புறநகர் வண்டிகளில் கடற்கரை செல்வதும் உண்டு, சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் நிலையம் செல்வதும் உண்டு. பின்னது ராயபுரத்துக்கு வராது என்பதால் அறிவிப்பைக் கவனித்து ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இப்பகுதியின் பல தெருக்களில் முழங்கால் தண்ணீர் நிற்கும். அந்த மாதங்களில் தரைத்தள அறையை ஒப்புக்கொள்ளலாகாது.

எங்கள் லாட்ஜின் மற்ற அறைகளில் தங்கியிருந்தவர்களில் உல்லாசப் பிரயாணிகள் என்று எவரையும் நான் காணவில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்த்திருக்கும் தகப்பனாருக்குத் துணையாகத் திருவள்ளூர் ஜில்லாக் கிராமத்திலிருந்து வந்த இரு சகோதரர்கள், பிரசவத்துக்கு வந்த மகளைப் பார்க்க நெல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தாயார் போன்றவர்களே அதிகம். படியில் பழக்கமான அந்தத் தாயார் அக்காவிடம், “ரூமுக்குக் கொடுக்கிற காசை மருந்துக்கு வச்சுக்கலாம் அக்கா, ஆனா எங்க படுக்கிறது?” என்று கேட்டார். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. ஸ்டான்லி மருத்துவமனையின் பூர்வோத்தரமோ ஒரு சத்திரம். 1782இல், ஹைதர் அலியின் யுத்தத்தையும் பஞ்சத்தையும் அஞ்சிப் பட்டணத்துக்குள் ஓடிவந்த ஜனங்களுக்கு மணியக்காரர் ஒருவருடைய தோட்டத்தில் கஞ்சி வார்த்ததில் தொடங்கி, மணியக்காரர் சத்திரமாகி, 1799இல் வைத்திய சாலையும் சேர்ந்து, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று பேர் பெற்று, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக வளர்ந்த தர்மம் அது. அன்று வந்தவருக்கு உணவும் இடமும் கிடைத்தன. வைத்தியம் பிறகு வந்தது. இன்று உயர்ந்த வைத்தியம் கிடைக்கிறது; துணைக்கு வந்தவர் படுக்க இடம் போதவில்லை. மாநகராட்சி நடத்தும் இரவுக் காப்பகங்கள் பாராட்டத்தக்கவை. வருகிற கூட்டத்துக்கு அவை காணா.

ராயபுரத்தைச் சென்னையின் ரயில் முனையங்களுள் ஒன்றாக்க வேண்டும் என்று இப்பகுதி மக்கள் பல வருஷங்களாகக் கேட்டுவருகிறார்கள். அந்தக் கோரிக்கை முழுக்க நியாயமானது. அது நிறைவேறும் நாளில், சென்ட்ரலின் எதிரே ராமசாமி முதலியார் செய்ததுபோல, ராயபுரம் நிலையத்தின் எதிரேயும் ஏழைகளுக்கு எட்டக்கூடிய வாடகையில் சுத்தமான ஒரு தங்கும் விடுதியை அரசோ, மாநகராட்சியோ, தர்ம சிந்தையுள்ள தனவந்தர்களோ கட்டித்தர வேண்டும். முனையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. மெட்ரோ ஏற்கனவே வந்துவிட்டது, மருத்துவமனைகள் நடை தூரத்தில் இருக்கின்றன, நோயாளிகளின் உறவினர்கள் இன்றிரவும் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் படுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களில் அதிகாரத்தில் இருப்பவர்களும், அவர்களிடம் எடுத்துச்சொல்லக்கூடியவர்களும் இந்தக் காரியத்தைக் கையிலெடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.